சட்டம் கைவிட்ட இடத்தில் எழுதப்பட்ட கடிதம்: கிளேர்வோ மடாதிபதி பெர்னார்தும் வெளியேறிய இளந்துறவியும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

12-ஆம் நூற்றாண்டின் முதல் கால் பகுதியில், பிரான்சின் ஷாம்பாஞ் பகுதியிலுள்ள கிளேர்வோ துறவுமடத்திலிருந்து ஓர் இளந்துறவி, தம் மடாதிபதி ஊரில் இல்லாத நேரத்தில் புறப்பட்டு, பர்கண்டியிலிருந்த கிளூனி மடத்துக்குச் சென்றுவிட்டார். அவர் பெயர் ராபர்ட். அவர் விட்டுச் சென்ற மடாதிபதி பிற்காலத்தில் புனிதர் பட்டம் பெற்ற பெர்னார்து. இருவரும் இரத்த உறவினர்கள். நெடுநாள் மௌனத்துக்குப் பிறகு பெர்னார்து அந்த இளைஞருக்கு எழுதிய நீண்ட இலத்தீன் கடிதம் இன்றும் முழுமையாகக் கிடைக்கிறது. அது 1119-க்கும் 1125-க்கும் இடைப்பட்ட காலத்தது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இடைக்காலத் திருச்சபைத் தலைவர்களின் கடிதங்களைப் புரட்டுபவர் எவரும் அவற்றில் நிறைந்திருக்கும் கண்ணீரையும் ஏக்கத்தையும் அணைப்பையும் கண்டு முதலில் திகைப்பார். சற்றுப் பழகியதும் இவை எல்லாம் அக்காலத்து எழுத்து மரபு என்று ஒதுக்கிவிடவும் துணிவார். இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதில் கடிதத்துக்கு முன் நடந்ததும் பின் நடந்ததும் ஓரளவு தெரிகின்றன என்பதுதான். உணர்ச்சிமொழி ஒரு குறிப்பிட்ட சிக்கலில் எதற்காகப் பயன்பட்டது, எதைச் சாதித்தது, எதைக் கெடுத்தது என்பதை இங்கே சொற்களை மட்டும் வைத்து ஊகிக்காமல், செயல்களோடு ஒட்டிப் பார்க்க முடிகிறது.

பின்னணி

பெர்னார்து 1090-இல் திஜோன் நகரை அடுத்த ஃபோந்தேன் கோட்டையில் பிறந்தவர். 1113-இல் உடன்பிறந்தோர், உறவினர், நண்பர் என ஏறத்தாழ 30 பேரைத் திரட்டிக்கொண்டு சித்தோ மடத்தில் சேர்ந்தார். 1098-இல் தொடங்கிய அந்த மடம் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த துறவற ஒழுங்குகளைச் சலுகையின்றிக் கடைப்பிடிப்பதையே தன் அடையாளமாகக் கொண்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில், 1115-இல், கிளேர்வோவில் புதிய கிளை மடம் நிறுவப்பட்டபோது 25 வயதுகூட நிரம்பாத பெர்னார்து அதன் தலைவரானார்.

கிளூனியோ 910-இல் நிறுவப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் அதன் ஆளுகைக்கு உட்பட்ட மடங்கள் மேற்கு ஐரோப்பா முழுவதும் பரவியிருந்தன. நாளின் பெரும்பகுதியை நிறைத்த பாடல் வழிபாடு, 1088-இல் கட்டத் தொடங்கிய மாபெரும் ஆலயம், திருத்தந்தையர்களின் நேரடிப் பாதுகாப்பு ஆகியவை அதன் வலிமை. அதுவும் ஆசீர்வாதப்பரின் ஒழுங்குகளையே பின்பற்றியது; ஆனால் உணவிலும் உடையிலும் உடலுழைப்பிலும் காலப்போக்கில் பல தளர்வுகளை ஏற்றிருந்தது. புதிய மடத்தார் இவற்றைச் சீரழிவு என்றனர். கிளூனியார் இவற்றை மனித வலுவின்மை அறிந்த பரிவு என்றனர்.

ராபர்ட்டின் மீது இவ்விரு மடங்களுக்கும் உரிமைக்கோரிக்கை இருந்தது. அவர் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் அவரைக் கிளூனிக்குத் தருவதாக வாக்களித்திருந்தனர். பிள்ளைகளை மடத்துக்குக் காணிக்கையாக்குவது அக்காலத்தில் வழக்கமே. ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூலின் 59-ஆம் அதிகாரம் அதற்கான முறையை விவரிக்கிறது. பெற்றோர் விண்ணப்பம் எழுத வேண்டும். அதனோடு பிள்ளையின் கையைப் பீடத் துகிலில் சுற்றிச் சாட்சிகள் முன் ஒப்படைக்க வேண்டும். ராபர்ட்டுக்கு இது நடக்கவில்லை, வாக்கு மட்டுமே தரப்பட்டது என்பது பெர்னார்தின் வாதம். ராபர்ட் வளர்ந்தபின் தாமாகவே சித்தோவை நாடி வந்தார்; வயது போதாதென்று இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வைக்கப்பட்டார்; கண்ணீரோடு மன்றாடி அனுமதி பெற்று, ஓராண்டு நவதுறவுப் பயிற்சியை முடித்து, வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்தார். உலக உடையைக் களைந்து துறவு உடை பூண்டது அப்போதுதான்.

ஆரம்பகாலக் கிளேர்வோவின் வறுமையைச் சொல்லாமல் இந்த வெளியேற்றத்தை விளக்க இயலாது. பெர்னார்தின் வாழ்நாளிலேயே அவர் வரலாற்றை எழுதத் தொடங்கிய நண்பர், சேன்-தியரி மடத்து வில்லியம், அங்கே பார்லியும் தினையும் காட்டுப் பயறும் கலந்த ரொட்டி உண்ணப்பட்டதாகவும், அங்கே தங்கிய ஒரு துறவி மனிதர்கள் இதைத் தின்று வாழ்கிறார்கள் என்று பிறருக்குக் காட்டுவதற்காக அதில் ஒரு துண்டை அழுதுகொண்டே எடுத்துச் சென்றதாகவும் பதிந்திருக்கிறார். பெர்னார்தின் சொந்த உடலும் இதில் உடைந்தது. இரைப்பை கெட்டு உயிருக்கே ஆபத்து நேர்ந்தபோது, ஷாலோன் ஆயரான ஷாம்போ வில்லியம், சித்தோ மரபைச் சேர்ந்த (சிஸ்டெர்சியன்) மடாதிபதிகளின் கூட்டத்தில் கேட்டுப் பெற்ற அதிகாரத்தின்பேரில் அவரை ஓராண்டுக்கு மடப் பொறுப்புகளிலிருந்து விலக்கி, மதிலுக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கவைத்தார். தம் உடலுக்கே இரக்கம் காட்டாதவர் அந்த நாட்களில் தம்மிடம் வந்த இளையோருக்கு எப்படி இருந்திருப்பார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இருந்தும், அதைப் பின்னர் அவரே எழுதி ஒப்புக்கொள்கிறார்.

வெளியேற்றம்

பெர்னார்து இல்லாத நேரத்தில் கிளூனியின் பெரிய துணைத்தலைவர் ஒருவர் கிளேர்வோவுக்கு வந்தார். அவர் பெயரைக் கடிதம் சொல்வதில்லை. வந்தவர் காவலர்களின் கண்ணில் மண்ணைத் தூவி உள்ளே நுழைந்து, இளைஞரைத் தனியே சந்தித்து, மனத்தைக் கலைத்து அழைத்துச் சென்றார் என்கிறார் பெர்னார்து. விருந்தைப் புகழ்ந்து நோன்பைப் பழித்தார். விரும்பி ஏற்ற வறுமையை அவலம் என்றார். கண்விழிப்பையும் மௌனத்தையும் உடலுழைப்பையும் பித்து என்றார். சோம்பலுக்குத் தியானம் என்று பெயரிட்டார். கடவுள் எப்போது நம் வதைகளில் மகிழ்ந்தார் என்று கேட்டார். கிளூனியில் ராபர்ட்டுக்கு நீராட்டும் மழிப்பும் நடந்தன. கந்தலும் அழுக்குமான உடை களையப்பட்டு, விலையுயர்ந்த புத்தாடை அணிவிக்கப்பட்டது. வயதில் மூத்தவர்களுக்கும் மேலான இடம் தரப்பட்டது.

இந்த விவரிப்பு முழுவதும் காயம்பட்ட ஒரு தரப்பின் வாக்குமூலம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். வந்தவர் உண்மையில் என்ன பேசினார் என்பதை உடனிருந்து கேட்டவர் ராபர்ட் மட்டுமே. அவர் எழுதிய பதில் எதுவும் நம் கையில் இல்லை. வந்தவரின் வாதங்களாகப் பெர்னார்து கோபத்தோடு அடுக்குபவை, ஓர் இளந்துறவியின் நலத்தில் உண்மையான அக்கறை கொண்ட ஒருவர் சொல்லியிருக்கக்கூடியவையாகவும் இருக்கின்றன.

இதற்கிடையில் கிளூனியார் உரோமைக்கு ஆளனுப்பினர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோரால் மடத்துக்குத் தரப்பட்டவர் என்று அங்கே எடுத்துரைக்கப்பட்டது. மறுத்துச் சொல்ல எதிர்த்தரப்பில் எவரும் இல்லை. தீர்ப்பு கிளூனிக்குச் சாதகமாக வந்தது. ஆசீர்வாதப்பரின் ஒழுங்குநூல், அறிமுகமான மற்றொரு மடத்தின் துறவியை அவருடைய தலைவரின் இசைவின்றி ஏற்கக் கூடாது என்று 61-ஆம் அதிகாரத்தில் விதிக்கிறது. பெர்னார்தின் கையில் இருந்த வலுவான விதி அது. திருத்தந்தையின் தீர்ப்பு அதையும் செயலற்றதாக்கிவிட்டது.

எழுதுவதென்ற முடிவு

முதலில் பெர்னார்து எடுத்த முடிவு பேசாமலிருப்பது. கடிதத்தின் தொடக்க வரிகளே இதைச் சொல்கின்றன: போதுமான அளவுக்கும் மேலாகப் பொறுத்திருந்தேன், கடவுள் உன் மனத்தைத் தாமே தொடுவார் என்று காத்திருந்தேன், அது நடக்கவில்லை, இனித் துயரத்தை மறைக்க முடியவில்லை என்கிறார்.

அவருக்கு இருந்த வேறு வழிகளை எண்ணிப் பார்த்தால், இறுதியில் ஏன் இத்தகைய கடிதம் எழுதினார் என்பது விளங்குகிறது. உரோமையில் வழக்கு முடிந்துவிட்டது. தோன்றிச் சில ஆண்டுகளே ஆன ஒரு மடத்தின் இளம் தலைவர், கிளூனி போன்ற ஒரு பேரமைப்போடு நேரடியாக மோதி வெல்வதற்கு வாய்ப்பே இல்லை. எஞ்சியது ராபர்ட்டின் சொந்த மனம் மட்டும். கட்டளையிடும் அதிகாரத்தைத் தீர்ப்பு பறித்துவிட்ட நிலையில், அந்த மனத்தை அடையக்கூடியது உறவுரிமை ஒன்றே. கடிதத்தில் கண்ணீரும் தாய்ப்பாலும் வந்து நிறைவதற்கு முதல் காரணம் இந்த இக்கட்டு என்பது என் முடிபு. சட்டத்தில் வென்றிருந்தால் பெர்னார்து இரண்டு பத்திகளில் ஓர் ஆணை அனுப்பியிருப்பார்.

கடிதம் எழுதப்பட்ட விதத்தைப் பற்றி சேன்-தியரி வில்லியம் ஒரு செய்தி தருகிறார். பிறர் காதில் படாமல் சொல்லி எழுதவைக்கப் பெர்னார்து எழுத்தருடன் திறந்தவெளிக்குச் சென்றார். திடீரென மழை பிடித்தது. எழுத்தர் தோல்தாளைச் சுருட்டப் போனபோது, இது கடவுளின் வேலை, அஞ்சாமல் எழுது என்றார். மழைக்கு நடுவே மழை படாமல் கடிதம் எழுதி முடிக்கப்பட்டது. அந்த எழுத்தர் பின்னர் இங்கிலாந்தின் ரீவோ மடத்துக்கு முதல் தலைவரான வில்லியம் என்பது மரபுச் செய்தி. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் வாசகர் விருப்பம். நமக்குப் பயன்படுவது, எழுதியவர் மறைவிடம் தேடிச் சென்றார் என்ற குறிப்பு. இடைக்காலக் கடிதம் பெரும்பாலும் பலர் முன் வாசிக்கப்படுவது. படி எடுத்துச் சுற்றுக்கு விடப்படுவது. எழுதும்போது தனிமையை நாடியவருக்கும் இக்கடிதம் ராபர்ட்டின் கண்ணுக்கு மட்டும் உரியதாக இருக்கப்போவதில்லை என்பது தெரிந்தே இருக்கும்.

கடிதத்தில் காணப்பட்டவை

முதலில் வருவது முறை பிறழ்வை அறிவிக்கும் பகுதி. புண்பட்டவன் புண்படுத்தியவனை அழைக்கிறேன், இகழப்பட்டவன் இகழ்ந்தவனிடம் செல்கிறேன், என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவனிடம் நான் கேட்கிறேன் என்று எதிரெதிராக அடுக்கிவிட்டு, மிகுந்த துயரம் ஆலோசிப்பதில்லை, வெட்கப்படுவதில்லை, அறிவைக் கேட்பதில்லை, மதிப்பு குறையுமென்று அஞ்சுவதில்லை என்று காரணம் கூறுகிறார். அறிவைக் கேட்காத துயரத்தை இவ்வளவு அளந்த ஓசையோடும் எதிர்நிலை அடுக்கோடும் ஒருவர் சொல்ல முடியுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. இலத்தீன் உரைநடையில் பயின்ற ஒருவருக்கு அடுக்கும் ஓசையும் மூச்சைப் போலவே வந்துவிடும். செம்மையாக இருப்பதாலேயே அத்துயரம் பொய்யாகிவிடாது. அது உண்மை என்பதற்கும் அந்தச் செம்மை சான்றாகாது.

அடுத்த பகுதியே இந்த நிகழ்வின் மையம். நீ வெளியேறியது என் குற்றம் என்கிறார் மடாதிபதி. மென்மையாக வளர்ந்த இளைஞனிடம் கடுமையாக இருந்தேன், இளந்தளிரை மனிதத்தன்மையின்றி நடத்தினேன் என்கிறார். இங்கிருந்தபோது இதற்காக நீ என்மீது முணுமுணுத்ததுண்டு, இப்போதும் நான் இல்லாத இடத்தில் குறைகூறி வருவதாகக் கேள்வி என்றும் சேர்த்துக்கொள்கிறார். இந்தச் சிறு குத்தலை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வெறும் மரபுக்காக எழுதிய ஒப்புதலாக இருந்தால் இந்தக் கசப்பு அதில் கலந்திருக்காது. என் கண்டிப்புக்குச் சமாதானம் சொல்ல என்னால் முடியும், இளமையின் துள்ளலை அடக்கப் பிரம்பு வேண்டுமென்று மறைநூலே சொல்கிறது என்று தொடங்கி, உடனே அதைக் கைவிடுகிறார். குற்றத்தை ஏற்று வருந்துபவனை மன்னிக்காவிட்டால் இனிக் குற்றம் உன்னுடையதாகும் என்று பொறுப்பு கைமாறுகிறது. முடிவில் ஒரு வாக்குறுதி: நீ மாறியிருப்பாய் என்று நம்புகிறேன், நானும் மாறிவிட்டேன், தலைவனாக எவனைக் கண்டு அஞ்சினாயோ அவனை இனித் தோழனாகத் தழுவலாம்.

பிறகு ஏக்கம் உச்சத்துக்கு ஏறுகிறது. உன்னைக் காணாமல் வாழ்கிறேனே, உனக்காகச் சாவதுதான் எனக்கு வாழ்வு, நீயின்றி வாழ்வது சாவு என்கிறார். பெர்னார்து இங்கே தந்தையின் இடத்திலிருந்து தாயின் இடத்துக்கு நகர்கிறார். குழந்தையாயிருந்த உனக்குப் பால் புகட்டினேன், வளரும்வரை பொறுத்திருந்தால் ரொட்டியும் தந்திருப்பேன், அதற்குள் பால்மறக்கச் செய்துவிட்டார்களே என்கிறார். சாலமோன் அரசன் முன் வழக்காடிய இரண்டு பெண்களில், பிள்ளை திருடப்பட்டவளின் நிலை தமக்கு நேர்ந்ததாகச் சொல்கிறார். இந்த உவமை உருக்கமாக இருப்பதோடு கூர்மையாகவும் இருக்கிறது. விவிலியக் கதையில் வழக்கு உரிமைச் சான்றுகளால் தீரவில்லை. எந்தத் தாயின் வயிறு பதறியதோ அவளுக்கே பிள்ளை கிடைத்தது. உரோமைத் தீர்ப்பில் தோற்ற ஒருவர், வேறொரு நீதிமன்றத்தை இந்த ஒரே உவமையில் நிறுவிவிடுகிறார். திருத்தந்தையின் தீர்ப்பைப் பழிக்காமல் அதைத் தாண்டிச் செல்ல இதைவிட நயமான வழி அவருக்கு இருந்திருக்காது.

சட்ட வாதமும் இடையே வருகிறது. தந்தை மகனுக்காகக் கொடுத்த வாக்கு பெரிதா, மகன் தனக்காகக் கொடுத்த வாக்கு பெரிதா என்பது அதன் சாரம். வாதம் வலுவானதுதான், ஆனால் இது ராபர்ட்டுக்காக எழுதிய பகுதியாகத் தோன்றவில்லை, கடிதத்தைப் பின்னால் படிக்கப்போகும் மற்றவர்களை நோக்கியே பேசுகிறது.

கடைசிப் பெரும் பகுதியில் குரல் முற்றிலும் மாறிவிடுகிறது. வந்த துணைத்தலைவர் ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய் ஆகிறார். கிளூனியின் மென்மயிர்த் தோலாடையும் மெல்லிய துணியும் நீண்ட கையும் அகன்ற முக்காடும் ஒருவரைப் புனிதராக்குமானால் நானும் ஏன் உன் பின்னால் வராமல் நிற்கிறேன் என்று கிண்டல் செய்கிறார். மிளகும் இஞ்சியும் சீரகமும் நாவுக்கு இன்பம், ஆனால் காமத்தைக் கிளறுபவை என்றும், பசியோடு உண்பவனுக்கு உப்பே போதிய சுவை என்றும் எழுதுகிறார். மலபார் கரையிலிருந்து எகிப்து வழியாக இத்தாலிய வணிகர் கைமாறிப் பர்கண்டி வந்து சேர்ந்த மிளகு, அங்கே செல்வத்தின் சின்னமாக இருந்தது என்பதை அறிந்தால் அந்த ஏச்சின் எடை விளங்கும். அதன்பின் போர்க்களம்: எழுந்திரு, கிறிஸ்துவின் வீரனே, ஓடிவந்த போருக்குத் திரும்பு என்ற முழக்கம். திருந்தாவிட்டால் இந்தக் கடிதமே தீர்ப்பு நாளில் உன் தண்டனையைக் கூட்டும் என்ற எச்சரிக்கையோடு கடிதம் முடிகிறது.

மன்னிப்புக் கேட்டுத் தொடங்கியவர் அச்சுறுத்தி முடிக்கிறார். மாறிவிட்டேன் என்று நடுவில் சொன்னவர் கடைசிப் பக்கங்களில் பழைய கண்டிப்பான தலைவராகவே பேசுகிறார். ராபர்ட்டின் இடத்திலிருந்து படித்தால், எந்தக் குரலை நம்புவது என்ற குழப்பம் ஏற்படாமல் இருக்காது.

மரபின் பங்கு

இந்த மொழியில் எவ்வளவு பெர்னார்துக்கே உரியது என்பதை மதிப்பிட, அவர் காலத்துக்குச் சற்று முந்தைய ஒருவரை அருகில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். பெக் மடத்தின் தலைவராக இருந்து 1093-இல் காண்டர்பரி பேராயரான ஆன்செல்ம், தம்மைத் தேடி நார்மண்டிக்கு வந்த இரண்டு இளம் உறவினர்களுக்கு எழுதிய கடிதத்தில், கண்கள் உங்கள் முகங்களைக் காணத் துடிக்கின்றன, கைகள் உங்களைத் தழுவ நீள்கின்றன, உதடுகள் உங்கள் முத்தங்களை நாடுகின்றன என்று எழுதுகிறார். நீண்ட பழக்கம் உள்ளவர்களுக்கு எழுதிய சொற்கள் அல்ல இவை. அவர்கள் துறவறம் ஏற்க வேண்டும் என்ற விருப்பமே அக்கடிதத்தின் நோக்கம். மடத்துக்கு ஒருவரை அழைக்கும் கடிதத்தில் தழுவலும் முத்தமும் இடம்பெறுவது அன்று ஏற்கப்பட்ட நடை என்பது இதனால் தெரிகிறது.

இந்த நடையைக் கற்றுக்கொடுக்கவும் முடிந்தது. பெர்னார்தின் பெயரில் சென்ற கடிதங்கள் பலவற்றை, பிற்காலத்தில் அவர் செயலர்கள் கருத்தைக் கேட்டுக்கொண்டு தாங்களே எழுதி முடித்தார்கள். அவர்களில் ஒருவரான நிக்கோலஸ் என்பவர் வெளியேறியபோது அவரிடம் பெர்னார்தின் முத்திரையும் இருந்ததாகப் பெர்னார்தே திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கு எழுதி, போலிக் கடிதங்கள் பற்றி எச்சரித்தார். அன்பை வேறொருவர் கையால் எழுதவைக்க முடிந்த ஒரு காலத்தில், சொற்களின் சூட்டை மட்டும் அளந்து மனத்தின் சூட்டைச் சொல்லிவிட முடியாது.

மரபுக்குள் அடங்காதவை என்று ராபர்ட்டுக்கான கடிதத்தில் நான் காண்பவை இரண்டு: தலைவர் தம் ஆட்சிமுறையின் குறையைத் தெளிவாகப் பெயரிட்டு ஏற்பது, இனி வேறுவிதமாக நடப்பேன் என்று உறுதி சொல்வது. முத்தமும் கண்ணீரும் ஆன்செல்மிடமும் உண்டு. இவ்விரண்டும் அவரது அந்தக் கடிதத்தில் இல்லை.

தொடர்ந்து நடந்தவை

கடிதம் உடனே பலன் தந்ததாகச் சொல்ல முடியாது. 1122-இல் கிளூனியின் தலைவர் போன்ஸ் பதவி விலகினார். அதே ஆண்டு, வணக்கத்துக்குரியவர் என்ற அடைமொழியால் பின்னர் அறியப்பட்ட பேதுரு அங்கே பொறுப்பேற்றார். ராபர்ட் கிளேர்வோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது இந்தப் பேதுருவின் காலத்தில்தான். ஆகவே இளைஞர் திரும்பி வந்ததற்குக் கடிதத்தை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது; உரோமைத் தீர்ப்பு கையில் இருந்தும் அதைப் பிடித்துக்கொண்டிராமல் விட்டுக்கொடுக்க மறுமுனையில் ஒருவர் தேவைப்பட்டார்.

கடிதத்தின் பிற்பகுதி வேறொரு விளைவை உண்டாக்கியது. கிளூனியின் உணவையும் உடையையும் பற்றிய ஏளனம் இரு மடக் குடும்பங்களுக்கும் இடையே நெடுநாள் நீடித்த எழுத்துப் போரில் ஒரு தொடக்கமாயிற்று. 1125-ஐ ஒட்டி, சேன்-தியரி வில்லியத்தின் வேண்டுகோளின்பேரில், பெர்னார்து தம் நிலையை விளக்கும் தனி நூல் எழுதினார். அதில் முதலில் தம் மடத்தாரையே, பிறரைத் தாழ்வாக எண்ணும் பரிசேயர்கள் என்று கண்டித்துவிட்டு, பின்னர் கிளூனிக்காரரின் விருந்துகளை ராபர்ட்டுக்கு எழுதியதைவிடக் கூர்மையாகக் கேலி செய்தார். பேதுருவும் மயிர்த்தோல், உணவு வகைகள், ஓடிவந்தவர்களை ஏற்பது என ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்துப் பதிலளித்து, ஒழுங்குகள் அனைத்தும் அன்புக்குக் கீழ்ப்பட்டவை என்று வாதிட்டார். அவரே 1132-இல் கிளூனி மடங்களின் துணைத்தலைவர்களைக் கூட்டி உணவிலும் மௌனத்திலும் கட்டுப்பாடுகளை இறுக்கியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பழிப்பில் உண்மை இருந்ததை அவர் செயலால் ஏற்றார். இருவரும் இறுதிவரை நண்பர்களாகவே கடிதம் எழுதிக்கொண்டனர். அந்த நட்பில் பொறுமையின் பெரும்பங்கு பேதுருவுடையது.

ராபர்ட்டின் பின்னாளைய வாழ்க்கை பற்றி ஒரு செய்தி இந்த நிகழ்வுக்கு எதிர்பாராத தொடர்ச்சி. 1136-இல் கிளேர்வோ பெர்ரி நாட்டில் ஒரு கிளை மடத்தை நிறுவியது. பின்னர் நுவார்லாக் என்று பெயர்பெற்ற அந்த மடத்துக்கு முதல் தலைவராக அனுப்பப்பட்டவர் ராபர்ட். அந்த மடம் தொடக்க ஆண்டுகளில் கடும் வறுமையில் கிடந்தது. 1149-வாக்கில் அங்குள்ள சகோதரர்களுக்கு ரொட்டி இல்லையென்று, அரசரின் தானியக் கிடங்குகளைப் பொறுப்பில் வைத்திருந்த சேன்-தெனி மடாதிபதி சூஜேருக்குப் பெர்னார்து எழுத வேண்டியதாயிற்று.

மாறியதும் மாறாததும்

ராபர்ட்டுக்குக் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்பதைப் பார்க்க, ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து எழுதிய ஒரு கடிதம் உதவுகிறது. கிளேர்வோவில் சேர்ந்த ஜியோஃப்ரி என்ற இளைஞரின் பெற்றோர், மகனின் மென்மையான உடல் அந்தக் கடுந்தவத்தைத் தாங்குமா என்று கலங்கினர். பெர்னார்து அவர்களுக்கு எழுதிய பதில் சுருக்கமானது. நான் அவனுக்குத் தந்தையாகவும் தாயாகவும், அண்ணனாகவும் அக்காவாகவும் இருப்பேன் என்கிறார். அவன் ஆன்மா வளரும்படியும் உடல் தளர்ந்துவிடாதபடியும் எல்லாவற்றையும் அளந்து நடத்துவேன் என்கிறார். தாய் என்ற சொல் இங்கே மீண்டும் வருகிறது. ஆனால் ராபர்ட்டுக்கு எழுதியபோது பறிகொடுத்தவளின் புலம்பலாக இருந்தது, இங்கே ஒரு பொறுப்பேற்பாக மாறியிருக்கிறது. எவ்வளவு உணவு, எவ்வளவு உழைப்பு என்பதைப் பிள்ளையின் உடலைப் பார்த்து முடிவுசெய்வேன் என்று ஒரு தலைவர் பெற்றோருக்கு உறுதியளிப்பது, பார்லியும் காட்டுப் பயறும் கலந்த ரொட்டியின் நாட்களில் எண்ணிப்பார்க்க முடியாதது.

இதே வகையான முயற்சி தோல்வியடைந்த சான்றும் உண்டு. ஃபுல்க் என்ற இளைஞர் துறவு வாழ்வில் சேர்ந்தபின், அவருடைய மாமா அவரைத் திரும்ப இழுத்துக்கொண்டார். பெர்னார்து அவருக்கும் உருக்கமாகவும் கடுமையாகவும் எழுதினார். ஃபுல்க் திரும்பவில்லை, லாங்கர் மறைமாவட்டத்தில் தலைமைத் திருத்தொண்டராக உயர்ந்தார். அவரிடம் பெர்னார்து ஒப்புக்கொள்ள எந்தப் பிழையும் இருக்கவில்லை, அளிக்கவேண்டிய வாக்குறுதியும் இருக்கவில்லை. அழைப்பு மட்டுமே இருந்தது. ஒரே ஒப்பீட்டை வைத்து விதி வகுக்க முடியாது என்றாலும், பெர்னார்தின் கடிதத் தொகுப்பில் இரு கடிதங்களும் அடுத்தடுத்து நிற்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போவதில்லை.

எதிரிகளைப் பற்றி எழுதும் முறையில் மட்டும் பெர்னார்து எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. 1140-இல் மெய்யியலாளர் பீட்டர் அபெலார்தின் இறையியலைக் கண்டிக்கச் சான்ஸ் நகரில் மன்றம் கூடிய நாட்களில் உரோமைக்கு அவர் அனுப்பிய கடிதங்களில், துணைத்தலைவரை ஓநாயாக்கிய அதே பேனாவைக் காண்கிறோம். அப்போதும் அபெலார்துக்குக் கிளூனியில் அடைக்கலம் தந்து, பெர்னார்தோடு சமாதானமும் ஏற்பட வழி செய்தவர் பேதுருவே. பெர்னார்தின் வாழ்நாளிலேயே அவருடைய கடிதங்கள் தொகுக்கப்பட்டபோது ராபர்ட்டுக்கு எழுதியது கால வரிசையை மீறி முதலிடத்தில் வைக்கப்பட்டது. மழையில் நிகழ்ந்த அற்புதம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கிளூனியோடு நட்பு நிலைபெற்ற பின்னரும் ஓநாய் பற்றிய பக்கங்களை எவரும் நீக்கவில்லை. தொகுப்பைத் திறந்த கிளூனித் துறவி ஒவ்வொருவரும் முதலில் வாசிக்க நேர்ந்தது அவற்றைத்தான்.